ஆறரை மில்லிமீட்டர்

பிப்ரவரி 3

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் அண்ணன் எழுதறேன். வீட்ல எல்லாரும் சௌக்கியம், ஒரு முட்டியத் தவிர. நீ எப்படி இருக்க? வேளைக்கு சாப்பிடறியா, இல்ல ஆஸ்பத்திரி கேன்டீன் டீயிலயே காலத்தை ஓட்டறியா?

போன்ல சொல்லியிருக்கலாம். ஆனா போன்ல நீ "சரிண்ணா, சரிண்ணா"ன்னுட்டு, யாரோ கூப்பிடறாங்கன்னு பாதியில வெச்சிடுவ. கடுதாசின்னா உட்கார்ந்து படிச்சுத்தான் ஆகணும். பள்ளிக்கூட மைதானத்துல நூத்தம்பது பிள்ளைங்கள விசில்ல அடக்கறவனுக்கு உன்னை அடக்க வேற வழி தெரியல.

விஷயம் இதுதான். போன வெள்ளிக்கிழமை நம்ம வெட்டுக்கிளி நீளம் தாண்டறப்ப, மணல் குழியில இடது கால் திரும்பி விழுந்துட்டா. நான் அளவு டேப்போட பக்கத்துலயே நிக்கறேன். 'டப்'னு ஒரு சத்தம், எனக்கே கேட்டுச்சு. அவ அழல. "அப்பா, எவ்வளவு தூரம்?"னுதான் முதல்ல கேட்டா. அடங்காப்பிடாரி. அரை மணி நேரத்துல முட்டி பந்து மாதிரி வீங்கிடுச்சு. இங்க இருக்கற டாக்டர் கட்டு போட்டு ரெஸ்ட் எடுக்கச் சொன்னார். வீக்கம் வத்திடுச்சு. ஆனா படி இறங்கறப்ப முட்டி தானா மடங்குது. ஸ்கேன் எடுத்தோம், இதோட வெச்சிருக்கேன், பாரு.

நவம்பர்ல விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கறாங்க. அதுல தேறிட்டா படிப்பு, பயிற்சி, காலேஜ் எல்லாம் அவங்க பொறுப்பு. பதினேழு முடியறதுக்குள்ள தேறணும். இவளுக்கு டிசம்பர்ல முடியுது. ஆக, இந்த ஒரே ஒரு வாட்டிதான். அவ அத சொல்ல மாட்டேங்கறா, ஆனா காலண்டர்ல நவம்பர் பக்கத்தை மடிச்சு வெச்சிருக்கா.

அண்ணி விசாரிச்சதா எழுதச் சொன்னா. உடம்பப் பார்த்துக்கோ. சீக்கிரம் பதில் போடு.

உன் அண்ணன்


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நல்லாத்தான் இருக்கேன். டீ விஷயம் உண்மை. அண்ணிகிட்ட சொல்லிடாத.

படத்தைப் பார்த்தேன். முட்டிக்குள்ள நடு ஜவ்வு முழுசா அறுந்திருக்கு. கட்டு போட்டா அது ஒட்டாது. தொடைக்குப் பின்னாடியிலிருந்து ஒரு தசைநார உருவி எடுத்து, மடிச்சு, கயிறு மாதிரி திரிச்சு, ஜவ்வு இருந்த இடத்துல வெச்சுக் கட்டணும். பயப்படாத, இது இங்க தினமும் நடக்கறது. சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டு, டிவியப் பார்த்துக்கிட்டே பண்ணுவாங்க. பெரிய டாக்டர்கிட்ட சொல்லி மார்ச் கடைசியில தேதி வாங்கறேன்.

என் வேலையப் பத்தியும் சொல்றேன். ஆறு மாசமா ஒரு ரூம்ல உட்கார்ந்திருக்கேன். கதவுல பேரு இருக்கு. உள்ள வர்றவங்க "டாக்டர் எப்ப வருவார், சிஸ்டர்?"னு கேக்கறாங்க. "வந்தாச்சு"ன்னா, திரும்பிக் கதவப் பார்க்கறாங்க. ஒரு கால்பந்து ஆளு என்கிட்டயே சீட்டை நீட்டி, "இத டாக்டர்கிட்ட குடுத்துடும்மா"ன்னுட்டுப் போனார். தியேட்டர்ல பெரிய டாக்டர் ஆபரேஷன் பண்ணுவார், நான் கேமரா பிடிப்பேன். கேமரா பிடிக்கறதுல என்னை மிஞ்ச ஆள் கிடையாது. என் பேர்ல தனியா, முழுசா பண்ணது இன்னும் ஒண்ணுகூட இல்ல. நவம்பர்ல என்னை நிரந்தரமா வெச்சுக்கறதா வேணாமான்னு கமிட்டி உட்காரும். ஆபரேஷன் பதியற நோட்டுல என் பேர்ல எத்தனை இருக்குன்னுதான் அவங்க பார்ப்பாங்க. அதுலயும் நவம்பர்தான், பாரேன், அத்தைக்கும் மருமகளுக்கும்.

கிளிய அதிகம் நடக்க விடாத. எல்லாருக்கும் என் அன்பு.

உன் தங்கச்சி


பிப்ரவரி 20

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

இங்க சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுது.

உன் கடுதாசியப் பார்த்ததும் எனக்குக் கோவம் வந்துச்சு. பெரிய டாக்டர் எதுக்கு? கேமரா பிடிக்கவா நீ இத்தனை வருஷம் படிச்ச? ஸ்டாஃப் ரூம்ல எல்லார்கிட்டயும் "என் தங்கச்சி பண்ணப் போறா"ன்னு சொல்லிட்டேன். இப்ப "இல்ல, அவ பக்கத்துல நிப்பா"ன்னு சொன்னா எனக்கு என்ன மரியாதை? வீட்ல டாக்டர வெச்சுக்கிட்டு வெளியாள்கிட்ட பிள்ளையக் குடுப்பாங்களா? அண்ணி மட்டும், "வீட்டு மனுஷங்க மேல கத்தி வைக்கறது நல்லதில்ல, பெரியவரே பண்ணட்டும்"ங்கறா. அவ தையல் மெஷினுக்கு நூல் கோக்கறப்பவே கை நடுங்கறவ, எல்லாரையும் தன்ன மாதிரியே நினைக்கறா.

இன்னொண்ணு. விடுதித் தேர்வு நவம்பர் பதினெட்டு. மார்ச் கடைசின்னா அதுக்கு எட்டு மாசம்கூட வராது. இன்னும் முன்னாடி முடியுமான்னு பாரு. ஒவ்வொரு நாளும் கணக்குதான்.

உன் அண்ணன்

அத்தை, அப்பா குளிக்கப் போயிருக்கார், அதனால நான். என்னை முழுசா மயக்கிடாதீங்க, ப்ளீஸ். என் முட்டி உள்ள எப்படி இருக்குன்னு டிவில நான் பார்க்கணும். நீங்களே பண்ணுங்க. வெட்டுக்கிளி.


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா இருக்கேன். நீங்களும் நலமா இருப்பீங்கன்னு நம்பறேன்.

மார்ச் 13ன்னு தேதி போட்டுட்டேன். நானே பண்றேன்.

பெரிய டாக்டர் மார்ச் முதல் வாரத்திலிருந்து மூணு வாரம் ஒரு மாநாட்டுக்குப் போறார். அவர் இல்லாதப்ப வர்ற கேஸ நான் எடுக்கலாம்னு எழுத்துலயே குடுத்துட்டுப் போறார். ஒரு சிக்கல் மட்டும் இருக்கு. சொந்தக்காரங்களுக்கு ஆபரேஷன் பண்ணக் கூடாதுன்னு இங்க விதி. வீட்டு மனுஷங்க மேல கத்தி வைக்கக் கூடாதுன்னு அண்ணி சொன்னதையே இவங்க டைப் அடிச்சு சுவர்ல ஒட்டியிருக்காங்க. அதனால ஃபார்ம்ல உறவுன்னு கேக்கற இடத்துல என்னைப் பத்தி எதுவும் எழுதாத. ஆஸ்பத்திரிக்குள்ள நான் உன் தங்கச்சி இல்ல. கிளியும் அத்தைன்னு கூப்பிடக் கூடாது, டாக்டர்னுதான் கூப்பிடணும். ஒரு விளையாட்டுன்னு சொல்லி வை, அவளுக்குப் பிடிக்கும்.

முதுகுல ஒரு ஊசிதான், இடுப்புக்குக் கீழ மரத்துடும். முழிச்சுத்தான் இருப்பா. ஆசைப்பட்டபடி டிவி பார்க்கட்டும்.

எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்குண்ணா. நோட்டுல முதல் பேரு நம்ம வீட்டுப் பேரு.

உன் தங்கச்சி


மார்ச் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததா நீ எழுதினது கிடைச்சுது. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கிளம்பறப்ப உன்கிட்ட நிதானமா பேச முடியல, மன்னிச்சுக்கோ. அன்னைக்கு வேற கேஸும் இருந்துச்சு. அண்ணி வாசல்ல என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுததுக்கு நான் சரியா ஒரு வார்த்தைகூட சொல்லல.

தையல இந்த வாரம் பிரிச்சிடலாம். காலை நீட்டி மடக்கற பயிற்சிய அங்க இருக்கற பிசியோ பார்த்துப்பார். ஆஸ்பத்திரியில குடுத்த தாள்ல ஒன்பது மாசம்னு அச்சடிச்சிருக்கும். அது பொதுவா எல்லாருக்கும் போடறது. கிளிக்கு ஒரு வருஷம்னு வெச்சுக்கோ. ஒரு வருஷம் குதிக்க வேணாம்.

நவம்பர் போயிடும்னு தெரியும். கோவப்படாத.

நான் நல்லா இருக்கேன். உடம்புக்கு ஒண்ணும் இல்ல, கொஞ்சம் தூக்கம் வரல, அவ்வளவுதான். எல்லாரையும் கேட்டதா சொல்லு.

உன் தங்கச்சி


ஏப்ரல் 15

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

(சும்மா. இனிமே அத்தை.)

நான் சௌக்கியம், முட்டியும் சௌக்கியம். தொண்ணூறு டிகிரி மடக்கிட்டேன். அப்பா கோணமானி வெச்சு அளக்கறார், கணக்கு டீச்சர்கிட்ட கடன் வாங்கி. ஒரு வருஷம்னு நீங்க எழுதினதப் படிச்சுட்டு அப்பா ரெண்டு நாள் கடுகடுன்னு இருந்தார். "அவ அப்படித்தான், சின்ன வயசுலயே தெருவக் கடக்க மூணு தடவ பார்ப்பா"ன்னு அப்புறம் தானே சொல்லி சமாதானம் ஆயிட்டார்.

ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு என் முகத்துக்கு முன்னாடி பச்சைத் துணி கட்டியிருந்தாங்க, டிவி தெரிஞ்சுது, நீங்க தெரியல. ஆரம்பத்துல டிவியே ஓடல. அப்ப நீங்க "ஐயோ"ன்னீங்க. சத்தமா இல்ல, மெதுவா. கொஞ்ச நேரம் கழிச்சு அந்த வயசான நர்ஸம்மா, "பாதிதான் வந்திருக்கு டாக்டர்"னாங்க. எது பாதி வந்துச்சு? எனக்கு "அத்தை"ன்னு கூப்பிடணும்போல இருந்துச்சு. விளையாட்டு விதிய மீறக் கூடாதேன்னு கூப்பிடல.

அப்பாகிட்ட சொல்லல. சொன்னா அவர் கோணமானியத் தூக்கிட்டு அங்க வந்துடுவார்.

உங்களுக்குத் தூக்கம் வருதா இப்ப?

வெட்டுக்கிளி


ஏப்ரல் 22

அன்புள்ள கண்ணுக்கு,

உன் கடுதாசியப் பார்த்து சிரிச்சேன். தொண்ணூறு டிகிரி ரொம்ப நல்ல முன்னேற்றம், கண்ணு.

நீ கேட்டது ஒண்ணுமே இல்ல. தையல் நூல் ஒண்ணு பாதியில அறுந்துடுச்சு. அது அடிக்கடி நடக்கும். வேற நூல் எடுத்துப் போட்டோம். ஆபரேஷன் பண்றவங்க உள்ள என்னென்னவோ பேசுவாங்க, வெளியாளுக்குக் கேட்டா பெரிய விஷயமா தெரியும். அப்பாகிட்ட சொல்லாதது நல்லது, கண்ணு. அவருக்கு வீணா கவலை.

பிசியோ சொல்றபடி செய். வேளைக்கு சாப்பிடு. நான் நல்லா தூங்கறேன்.

அத்தை


செப்டம்பர் 10

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நாங்க சௌக்கியம். நீ சௌக்கியமான்னு கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப் போச்சு. நாலு கடுதாசி போட்டேன், ஒரே ஒரு பதில், அதுவும் மூணு வரி. பள்ளி லீவுக்கு வர்றேன்னு சொன்ன, வரல. பெரிய ஆளாயிட்டன்னு புரியுது. ஒரு கால்பந்து கிளப்புக்கே உன்னை டாக்டரா போட்டிருக்காங்களாமே, பேப்பர்ல படம் பார்த்தேன். மைதானத்து ஓரம் பையோட நிக்கற. ஏன் இப்படி எலும்பும் தோலுமா இருக்க? அண்ணி அந்தப் படத்தை வெட்டி பீரோ கதவுல ஒட்டியிருக்கா.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வெட்டுக்கிளி பறக்கறா. ஒத்தைக் கால்ல தாண்டற சோதனை வெச்சார் பிசியோ. ரெண்டு காலுக்கும் வித்தியாசமே இல்லன்னுட்டார். "நவம்பர்ல எட்டு மாசம் ஆகும், தாள்ல ஒன்பது, ஒரு மாசம்தான் இடிக்குது, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க"ன்னார். அதனாலதான் கேக்கறேன். எல்லாருக்கும் ஒன்பதுன்னா இவளுக்கு மட்டும் ஏன் பன்னெண்டு? நான் சண்டைக்கு வரல. என் பிள்ளையோட முட்டியவிட எனக்கு விடுதி பெருசில்ல. ஒரு காரணம் சொல்லு. என்ன காரணமா இருந்தாலும் சரி, சொல்லிட்டா நான் அவள குழி பக்கமே விட மாட்டேன். அவ அழுதாலும் சரி, என்னோட ஆறு மாசம் பேசாம இருந்தாலும் சரி, நான் பார்த்துக்கறேன்.

நவம்பர் 18. அதுக்குள்ள பதில் வரணும்.

உன் அண்ணன்


அக்டோபர் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிச்சுக்கோ. கிளப்போட ஊர் ஊரா சுத்தறேன். இப்ப என் ரூம் வாசல்ல ஆள் நிக்கறாங்க, "டாக்டர் எப்ப வருவார்"னு யாரும் கேக்கறதில்ல. இருபதாம் தேதி கமிட்டி. நான் நலம். நீங்க எல்லாரும் நலமா இருப்பீங்க.

நீ கேட்டதுக்கு இந்தக் கடுதாசிய நாலஞ்சு தடவ எழுதி எழுதிக் கிழிச்சேன். தனியா காரணம்னு எதுவும் இல்லண்ணா. சின்னப் பிள்ளை, வளர்ற வயசு, ஜாக்கிரதையா இருக்கட்டுமேன்னு சொன்னேன். காத்திருந்தா நல்லது. ஆனா சோதனையெல்லாம் தேறிட்டான்னா, நேர்ல பார்க்கறவங்க நீயும் பிசியோவும்தான். நீ கோச், உனக்குத் தெரியாததில்ல. நீயே முடிவு பண்ணு.

கிளிக்கு என் அன்பைச் சொல்லு.

உன் தங்கச்சி


நவம்பர் 25

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ நல்லா இருக்கியா.

பதினெட்டாம் தேதி ரெண்டாவது தாண்டல்ல போயிடுச்சு. முதல் தாண்டல் நல்ல தூரம், பக்கத்துல இருந்த கோச்சுங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. அதோட நிறுத்தியிருக்கலாம். நான்தான் "இன்னும் ஒண்ணு"ன்னு விரலக் காட்டினேன். அதே சத்தம். இந்தத் தடவ அவ தூரம் கேக்கல. என் முகத்தைப் பார்த்தா, அவ்வளவுதான். ஸ்கேன் எடுத்தாச்சு. நீ வெச்சது முழுசா அறுந்துடுச்சு.

நீ ஒரு வருஷம்னு சொன்ன. நான் கேக்கல. உன் கடுதாசிய அன்னைக்குக் காலையில பஸ்ல மூணு தடவ படிச்சேன். காரணம்னு ஒண்ணும் இல்லன்னு இருந்துச்சு, அதப் பிடிச்சுக்கிட்டேன். பெத்த அப்பன், நாற்பத்தெட்டு வயசு ஆளு, நான் யோசிச்சிருக்கணும். உன் மேல ஒரு தப்பும் இல்ல. விசாரிக்கறவங்ககிட்ட எல்லாம் அதத்தான் சொல்றேன், "ஆபரேஷன் அருமையா பண்ணியிருந்தா என் தங்கச்சி, நான்தான் உடைச்சேன்"னு. உன் முதல் கேஸ கெடுத்துட்டேன். கமிட்டியில இதனால உனக்கு ஏதாவது ஆயிடுச்சான்னு அண்ணி கவலைப்படறா.

விசில ஹெட்மாஸ்டர் மேஜையில வெச்சுட்டேன். ஆபீஸ்ல வருகைப் பதிவேடு எழுதற வேலை குடுத்திருக்காங்க. பிள்ளை கூட ஒரே வரிசையில உட்கார்ந்து சாப்பிட முடியல, அவ முடிச்சப்புறம் சாப்பிடறேன். அவ திட்டினா நல்லா இருக்கும்.

உடம்பப் பார்த்துக்கோ.

அண்ணன்


டிசம்பர் 9

அண்ணா,

நலம் விசாரிச்சு ஆரம்பிக்கற தகுதி எனக்கு இல்ல. இத உட்கார்ந்து படி. பக்கத்துல அண்ணி இருக்கட்டும்.

நீ உடைக்கல.

மார்ச் 13 அன்னைக்கு நடந்தது இது. தொடையிலிருந்து தசைநார உருவி எடுக்க ஒரு நீளக் குழாய் மாதிரி கருவி இருக்கு. அத உள்ள தள்றதுக்கு முன்னாடி, பக்கத்துல ஒட்டியிருக்கற இழைங்கள விரலால தேடி ஒவ்வொண்ணா வெட்டி விடணும். பெரிய டாக்டர் பண்றத நூறு தடவ பார்த்திருக்கேன். நான் ஒரு இழைய விட்டுட்டேன். விரல்ல தட்டுப்பட்ட மாதிரி இருந்துச்சு, இல்லன்னு நினைச்சுக்கிட்டேன். தள்ளினேன். தசைநார் பாதியில அறுந்து கையோட வந்துச்சு. மடிச்சு அளந்தா ஆறரை மில்லிமீட்டர். குதிக்கற பிள்ளைக்கு குறைஞ்சது எட்டு இருக்கணும்.

அப்பவும் வழி இருந்துச்சு. வலது காலிலிருந்து எடுத்திருக்கலாம். நர்ஸம்மா கிளிக்குக் கேக்காம என் காதோரம் கேட்டாங்க, "அப்பா வெளியதான இருக்கார், சம்மதம் கேட்டுட்டு வரட்டுமா டாக்டர்?"னு. நீ கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சுல உட்கார்ந்திருந்த. கேட்டா ஏன்னு கேப்ப. ஏன்னு சொன்னா நீ "அம்மாடி"ன்னு என்னைக் கூப்பிடுவ, அங்க இருக்கறவங்களுக்கு யார் யாருன்னு தெரிஞ்சுடும். முதல் கேஸு, பெரிய டாக்டர் இல்லாதப்ப, விதிய மீறி. எல்லாம் ஒரு நிமிஷத்துல மனசுல ஓடுச்சு. "இது போதும்"னு சொல்லிட்டேன். அந்த ஆறரைய வெச்சே கட்டினேன். நோட்டுல எட்டுன்னு எழுதினேன்.

அதனாலதான் ஒரு வருஷம்னேன். செப்டம்பர்ல நீ காரணம் கேட்டப்ப இதுதான் காரணம். கிழிச்ச கடுதாசி ஒவ்வொண்ணுலயும் இது இருந்துச்சு. கமிட்டிக்கு மூணு வாரம் இருக்கறப்ப அனுப்ப தைரியம் வரல. 'நீயே முடிவு பண்ணு'ன்னு உன் தலையில கட்டினேன். கிளிக்கு நூல் அறுந்துச்சுன்னு பொய் எழுதினேன். முழு கனத்துல வெச்சிருந்தா எட்டு மாசத்துல தாங்கியிருக்குமான்னு சத்தியம் பண்ண முடியாது. தாங்கியிருக்கும்னுதான் நினைக்கறேன்.

இருபதாம் தேதி கமிட்டி என்னை நிரந்தரம் பண்ணுச்சு. நோட்டுல முதல் பக்கத்தைப் பார்த்து ஒருத்தர் "நல்ல ஆரம்பம்"னார். உன் கடுதாசி அதுக்கு எட்டு நாள் கழிச்சு வந்துச்சு. 'உன் மேல ஒரு தப்பும் இல்ல'ங்கற வரியில நின்னுட்டேன். அதுக்கு மேல ரெண்டு நாள் படிக்க முடியல.

முந்தாநாள் பெரிய டாக்டர் முன்னாடி அந்த நோட்டக் கொண்டுபோய் வெச்சேன். எட்டை அடிச்சு, ஆறரைன்னு எழுதி, பக்கத்துல கையெழுத்தும் போட்டிருந்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தப் பொண்ணு யாரு?"ன்னார். "என் அண்ணன் பொண்ணு." கண்ணாடியக் கழட்டி மேஜையில வெச்சார். "தப்பு எல்லாருக்கும் நடக்கும். நானும் அறுத்திருக்கேன். அன்னைக்கே ஒரு போன் பண்ணியிருந்தா அடுத்த விமானத்துல வந்திருப்பேனே"ன்னார். திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். விசாரணை முடியற வரைக்கும் தியேட்டருக்குள்ள நான் போகக் கூடாது. கிளப்பும் வேற ஆளப் பார்த்துக்கிச்சு. இத உன் பரிதாபத்துக்காக எழுதல.

விசில போய்த் திருப்பி வாங்கு. பிள்ளையோட உட்கார்ந்து சாப்பிடு. அது ஒண்ணுதான் நான் கேக்கறது, வேற எதையும் கேக்க வாய் இல்ல.

தங்கச்சி


ஜனவரி 14

அத்தைக்கு,

நான் நல்லா இருக்கேன்னு எழுதினா பொய். வீட்ல இனிமே பொய் வேணாம்னு அம்மா சொல்லியிருக்காங்க. அதனால, நான் நல்லா இல்ல. டிசம்பர் 19ல எனக்குப் பதினேழு முடிஞ்சுது. அம்மா புது சட்டை தைச்சுக் குடுத்தாங்க. காலண்டர மாத்தியாச்சு.

உங்க கடுதாசி வந்தப்ப வாசல்ல நின்னுதான் அப்பா படிச்சார், உட்காரல. முடிச்சதும் அம்மாகிட்ட குடுத்தார். அம்மா படிச்சுட்டு, "நான் அப்பவே சொன்னேன்"னு சொல்வாங்கன்னு பார்த்தேன். சொல்லல. உங்க படத்தை பீரோ கதவிலிருந்து எடுத்தாங்க, கிழிக்கல, உள்ள வெச்சுட்டாங்க. மூணாவது நாள் ராத்திரி அப்பா சாப்பாட்டுக்கு என் பக்கத்துல வந்து உட்கார்ந்தார். இப்ப மறுபடி மைதானத்துக்குப் போறார். விசில் வாங்கிட்டார்.

நான் ஒண்ணு சொல்லணும். நூல் இல்லன்னு எனக்கு ஏப்ரல்லயே தெரியும். நீங்க என்னை 'கண்ணு'ன்னு கூப்பிட்டதே இல்ல, அந்தக் கடுதாசில மூணு தடவ எழுதியிருந்தீங்க. ஏதோ சரியில்லன்னு புரிஞ்சுது. அப்பாகிட்ட சொல்லியிருந்தா அவர் உங்களக் கேட்டிருப்பார், என்னை நிறுத்தியிருப்பார். நான் நவம்பர்ல குதிக்கணும். அதனால நானும் வாய மூடிக்கிட்டேன். இத அப்பாகிட்ட போன வாரம் சொல்லிட்டேன். "உனக்கு பதினாறு வயசு, அவங்களுக்கு முப்பத்தி மூணு"ன்னார்.

உங்க மேல எனக்குக் கோவம் இருக்கு. ரொம்ப இருக்கு. அறுந்ததுக்கு இல்ல. அப்பா மூணு வாரம் நான் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் வாசல்ல உட்கார்ந்திருந்தாரே, அதுக்கு.

பெரிய டாக்டர் அப்பாவுக்கு போன் பண்ணினார். அவரே மறுபடி பண்றாராம், பிப்ரவரி 11. வலது காலிலிருந்து எடுப்பாங்களாம். நடக்க, படி இறங்க, ஓடக்கூட முடியுமாம். நீளம் தாண்டறதப் பத்தி நான் கேக்கல, அப்பாவும் சொல்லல.

அப்பா இப்ப உங்களப் பத்திப் பேசணும்னா "அந்த டாக்டர்"ங்கறார். "அந்த டாக்டர் எழுதின தாளை எடு", "அந்த டாக்டர் என்ன மாத்திரை குடுத்தாங்க". முதல் தடவ கேட்டப்ப, அந்த விளையாட்டு இன்னும் முடியலையோன்னு எனக்கு சிரிப்பு வந்துச்சு. அப்புறம் அழுகை வந்துச்சு.

ஆஸ்பத்திரியிலிருந்து ஃபார்ம் வந்திருக்கு. கூட இருக்கப்போற ரெண்டு பேரோட பேர எழுதணும், என்ன உறவுன்னும் எழுதணும். அம்மா வர மாட்டாங்க, அவங்களால அந்த வாசல மறுபடி பார்க்க முடியாதாம். முதல் வரியில அப்பா தன் பேர எழுதி 'அப்பா'ன்னு போட்டுட்டு, பேனாவ மேஜையில வெச்சுட்டு எழுந்து போயிட்டார். ரெண்டாவது வரியில நான் உங்க பேர எழுதி, பக்கத்துல 'அத்தை'ன்னு எழுதினேன்.

காலையில அப்பா அத எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். உங்க பேர அடிக்கல. மடிச்சு உறையில போட்டு ஒட்டிட்டார்.

வந்தா அப்பாவோட அந்த பெஞ்சுல உட்காருங்க. அவர் பேச மாட்டார்.

வெட்டுக்கிளி